வட்டமில்லாத கோட்டையும் பத்து ராகங்களும்

வட்டக்கோட்டைக்கு முதன்முறை வருகிறவர்கள் வட்டத்தைத் தேடுவார்கள், கிடைக்காது. கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் கருங்கல்லால் எழுந்து நிற்கும் இக்கோட்டை நாற்கோணத்தை ஒட்டிய வடிவம் கொண்டது. பரப்பு மூன்றரை ஏக்கர் அளவே. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவன் டிலனாய், பின்னர் அதே மன்னரிடம் ஊழியம் ஏற்று, 'வலிய கப்பித்தான்' ஆகித் திருவிதாங்கூரின் கோட்டைகளைச் செப்பனிட்டபோது இதுவும் இன்றைய உருவைப் பெற்றது. கோட்டைக்குள் பாண்டியரின் கயற்சின்னத்தையும் காணலாம். ஆக, பாண்டியரின் மீன், திருவிதாங்கூரின் காசு, ஐரோப்பியனின் கணக்கு, நம் ஊர்த் தச்சர்களின் உளி என நான்கும் சேர்ந்த ஒன்றுக்குப் பொருந்தாத ஒரு பெயர். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

இசையைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டுக் கோட்டையில் தொடங்குவதை வாசகர்கள் பொறுத்தருள்க. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட இசைக்கும் இப்படிப் பொருந்தாத ஒரு பெயர்தான் வாய்த்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்பது அதன் பெயர். அதில் அமிலமும் இல்லை, வீடும் இல்லை. 'ஹவுஸ்' என்ற சொல் சிகாகோ நகரில் இருந்த 'வேர்ஹவுஸ்' என்னும் நடன விடுதியின் பெயரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கதை. இந்த இசையைச் சிகாகோ இளைஞர்கள் உருவாக்குவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1982-ல், மும்பையில் ஒரு மனிதர் ஏறத்தாழ அதே ஒலியை ஓர் இசைத்தட்டில் பதித்து வைத்திருந்தார். அவர் பெயர் சரண்ஜித் சிங். தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

இந்தச் செய்தியை நாம் சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி வகுப்பொன்றில், பாடத்தை விட்டு விலகிய ஒரு பொழுதில், பெருமிதத்தோடு சொன்னோம். "உலகம் கொண்டாடும் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்" என்று முடித்தோம். வகுப்பு கைதட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "சிகாகோக்காரங்க அந்தத் தட்டைக் கேட்டிருந்தாங்களா சார்?" என்றான். நம்மிடம் பதில் இல்லை. மணி அடித்துக் காப்பாற்றியது. அந்த மாணவனுக்குக் கொடுக்கத் தவறிய பதிலே இக்கட்டுரை.

சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பல பத்தாண்டுகள் வாசித்தவர். ஷங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லட்சுமிகாந்த்-பியாரேலால் போன்றோரின் ஒலிப்பதிவுகளில் பேஸ் கிட்டாரும் மின் கிட்டாரும் பின்னர் சிந்தசைசரும் அவர் கையில் இருந்தன. திரைப்பாடல் மெட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசிக்கும் தட்டுகளையும் வெளியிட்டார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உணவு விடுதிகளிலும் திருமண வரவேற்புகளிலும் ஒலித்த அந்த வகைத் தட்டுகளை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய மனைவி சுபர்ணா பாடகி. இருவரும் குழு அமைத்து மேடைகளில் நிகழ்ச்சி நடத்தினர். சுருங்கச் சொன்னால், திரையிசை எனும் பெருந்தேரின் வடம் பிடித்தவர்களில் ஒருவர், தேரில் ஏறியவரல்லர்.

வடம் பிடித்தவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டன? இசைத்தட்டின் உறையில் படத்தின் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர், பாட்டெழுதியவர் பெயர்கள் இருக்கும். வயலின் வாசித்த முப்பது பேரின் பெயர் இராது. கோடம்பாக்கத்திலும் இதுவே நிலை. ஒரு பாடலின் முன்னிசையில் வந்து நம் வாழ்நாள் முழுதும் காதை விட்டு நீங்காத ஒரு புல்லாங்குழலை ஊதியவர் யாரென்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கிரெகரி பூத் என்னும் இசையியல் அறிஞர் மும்பைத் திரைக்கலைஞர்கள் பலரை நேரில் கண்டு பேசி 2008-ல் 'பிஹைண்ட் தி கர்ட்டன்' என்ற நூலை எழுதும்வரை, இவர்களின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே கிடந்தது. அந்தோணி கொன்சால்வெஸ் என்ற கோவா வயலின் ஆசிரியரின் பெயரை நாடே அறியும். ஆனால் அறிந்தது அவரை அல்ல. அவரிடம் பயின்ற பியாரேலால், 1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' படத்து வேடிக்கைப் பாட்டொன்றில் குருவின் பெயரை அமிதாப் பச்சனின் வாயில் ஏற்றிவிட்டார். பெரிய முட்டைக்குள்ளிருந்து கோமாளி உடையில் வெளிவரும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மெய்யான மனிதர் இருந்தார் என்பதைப் பாட்டுக்கு ஆடியவர்கள் யாரும் நினைத்ததில்லை.

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. பாடலில் இருந்த ஓர் அழகிய தொடரையே எடுத்து அதை எழுதியவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். பெயரில்லாதவனுக்கு அவன் செய்த வேலையையே பெயராகக் கொடுத்த அந்தப் பண்பு ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்து சேரவில்லை.

1982-ஐச் சற்று நினைவுகூர்வோம். 1980-ல் 'குர்பானி' வந்து நாசியா ஹசனின் குரலை ஊரெங்கும் பரப்பியிருந்தது. பித்து என்ற லண்டன்வாழ் இசையமைப்பாளரின் கைவண்ணம் அது. 1981-ல் அதே குரலில் 'டிஸ்கோ தீவானே' தட்டு வந்தது. 1982-ல் பப்பி லஹிரியின் 'டிஸ்கோ டான்சர்'. தமிழில் அதே ஆண்டு 'சகலகலா வல்லவன்' வந்தது. அதன் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிக்காத ஊர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் டிஸ்கோ அப்போது வீழ்ந்திருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்பிலிருந்து ஒதுங்கிய கறுப்பின இளைஞர்களின் விடுதிகளில்தான் டிஸ்கோவின் எலும்புக்கூட்டை எடுத்து ஹவுஸ் இசையை வளர்த்தார்கள். சிகாகோவில் எரித்ததை பம்பாயில் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

சரண்ஜித் சிங் பிற்காலத்தில் அளித்த பேட்டிகளில் தம் தட்டுக்கான காரணத்தை மிக எளிமையாகவே சொன்னார். படங்களில் எங்கும் டிஸ்கோ. அதை வைத்து வேறு ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது. இந்திய ராகங்களை வாசிக்கலாம், தாளத்துக்கு டிஸ்கோ அடியை வைக்கலாம், தபலாவை நீக்கிவிடலாம். அவ்வளவுதான். புரட்சி, பரிசோதனை போன்ற சொற்கள் அவர் வாயில் வரவில்லை.

கருவிகள் மூன்று, மூன்றும் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தின் தயாரிப்பு. ஜூப்பிட்டர்-8 என்ற விசைப்பலகை, டிஆர்-808 என்ற தாளப் பெட்டி, டிபி-303 என்ற பேஸ் பெட்டி. மூன்றாவதின் கதை தனியே சொல்லத்தக்கது. டடாவோ கிகுமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த வெள்ளி நிறப் பெட்டி, துணைக்கு ஆள் இல்லாமல் தனியே பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞனுக்குப் பேஸ் கிட்டார்க்காரனின் இடத்தை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை அது மிக மோசமாகச் செய்தது. அதன் ஒலி எந்தப் பேஸ் கிட்டாரையும் போல இல்லை. தவளை முனகுவது போலவும் ரப்பரை இழுத்து விடுவது போலவும் இருந்தது. அதில் சுரங்களை ஏற்றுவதும் பெரும்பாடு. ஏறத்தாழ 10,000 பெட்டிகள் செய்து, 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பின்னர் அவை பழைய பொருள் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடந்தன.

சரண்ஜித் அதைச் சிங்கப்பூரில், வந்த புதிதிலேயே வாங்கினார். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வகைசெய்த 'மிடி' என்னும் பொது ஏற்பாடு 1983-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, வீட்டில் இருந்தபடி இம்மூன்றையும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடவிடும் வழியை அவர் கண்டுகொண்டார். நன்றாக இருக்கிறதே, பதிவு செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. எச்.எம்.வி. நிறுவனத்துக்காக இரண்டே நாளில் பதிவு முடிந்தது. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். தட்டு வந்தது, விற்கவில்லை, மறக்கப்பட்டது. சரண்ஜித்தும் தம் பழைய வேலைக்குத் திரும்பினார்.

அந்தப் பத்தில் நம் காதுக்குப் பழகியவற்றைச் சொல்வோம். பூபாலி என்பது நம் மோகனம். சிலப்பதிகாரத்தின் முல்லைத் தீம்பாணி இதுவே என்று தமிழிசை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். யமன் ஏறத்தாழ நம் கல்யாணி. மால்கௌன்ஸ் நம் இந்தோளம். கலாவதி நம் வலஜி. பைராகி நம் ரேவதி. தோடி என்று அவர்கள் சொல்வது நம் தோடி அன்று, சுபபந்துவராளியின் உறவு. லலித் விடியலுக்கு முந்திய பொழுதுக்குரியது, யமன் அந்திக்குரியது, மால்கௌன்ஸ் நடு இரவுக்குரியது. தேவாரப் பண்களையும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று நம் முன்னோர் பகுத்து வைத்திருந்தனர். இந்தத் தட்டில் விடியலும் அந்தியும் நள்ளிரவும் ஒரே வேகத்தில், ஒரே அடியில், ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ராகங்களின் பொழுதைப் பேணுகிறவர்களுக்கு இது ஒவ்வாது. நடன விடுதியின் இருட்டறைக்கு எல்லாப் பொழுதும் ஒன்றுதானே என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டுதான் நாமும் கேட்டோம்.

ஒரு ராகத்தை விசைப்பலகையில் வாசிப்பதில் உள்ள இடர் எல்லோரும் அறிந்தது. கட்டை ஒரு சுரத்தைக் கொடுக்கும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள நடமாட்டத்தைக் கொடுக்காது. கமகம் இல்லாத ராகம் உப்பில்லாத மீன்குழம்பு. சரண்ஜித் இதை ஜூப்பிட்டரில் சுரத்தை வளைக்கும் பிடியைக் கொண்டு ஓரளவு ஈடுகட்டுகிறார். நம்மை வியக்கவைப்பது அடியில் ஓடும் 303. அந்தப் பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ரோலண்டுப் பொறியாளர் பேஸ் கிட்டார்க்காரனின் விரல் நழுவலை நினைத்து வைத்த வசதி அது. ராகத்தின் சுரங்களை ஏற்றி வழுக்கவிட்டால் அது மீண்ட் போல, நம் ஜாரு போலக் கேட்கிறது. மேலும், அந்தப் பெட்டி ஏற்றியதையே திரும்பத் திரும்ப வாசிக்கும், களைக்காது. ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இப்படி மாறாமல் ஓடும் ஒன்று என்ன என்று தெரியும். தம்புராவின் வேலையில் பாதியை அது எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் கிட்டார்க்காரனுக்காகச் செய்த பெட்டி, அங்கே ஒருவருக்கும் உதவாமல் போய், இங்கே ராகத்துக்கு உதவியது.

எல்லா ராகங்களும் ஒன்றுபோல் தேறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ் போன்ற ஐந்து சுர ராகங்கள் இந்தப் பொறிக்குள் இயல்பாக அமர்கின்றன. தோடி தவிக்கிறது. அந்த ராகத்தின் துயரம் சுரங்களின் நுண்ணிய நிலையில் இருப்பது. பன்னிரண்டு கட்டைகளுக்குள் அதைப் பிடித்து அடைக்க முடியாது.

இனி மாணவனின் கேள்வி. சிகாகோவில் டிஜே பியேர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் 'ஃபியூச்சர்' என்ற பெயரில் கூடி, பழையதாய் வாங்கிய ஒரு 303-இன் குமிழ்களைத் திருகி விளையாடியபோது பிறந்தது 'ஆசிட் டிராக்ஸ்'. 1987-ல் தட்டாக வந்தது. மறு ஆண்டில் அந்த ஒலி பிரிட்டனின் இளைஞர் கூட்டத்தையே ஆட்டிப்படைத்தது. அம்மூவரும் மும்பைத் தட்டைக் கேட்டிருந்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இந்தியாவிலேயே விலைபோகாத தட்டு சிகாகோவுக்குப் போயிருக்க வழியும் இல்லை. ஆகவே நாம் வகுப்பில் சொன்னது தவறு. சரண்ஜித் சிங் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு ஊர்களில் இரண்டு கைகள் ஒரே பெட்டிக்குள் இருந்ததை வெளியே எடுத்தன. ஒரு கை முந்திக்கொண்டது.

இன்னும் நுணுகிக் கேட்டால் வேறுபாடும் தெளிவாகும். சிகாகோ இசையில் 303-தான் கதைநாயகன். குமிழைத் திருகத் திருக அதன் ஓசை திறந்தும் மூடியும் கூச்சலிட்டும் மாறும் அந்த மாற்றமே பாட்டு. மெட்டு என்று ஒன்று கிடையாது. மும்பைத் தட்டில் 303 கீழே இருக்கிறது. மேலே ராகம் என்ற ராணி ஆள்கிறாள். ஒன்று மெட்டைத் துறந்த இசை. மற்றது மெட்டைத் துறக்க ஒருபோதும் நினைக்காதது. கேட்கும் காதுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை, செய்தவர்களின் உள்ளத்தில் வெவ்வேறு.

'நாமே முதல்' என்று சொல்லிக்கொள்வதில் நமக்குள்ள விருப்பம் தமிழ்த்துறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விமானம் முதல் அணு வரை எல்லாவற்றையும் பழம்பாடல்களில் கண்டெடுக்கும் கட்டுரைகளை நாமும் கருத்தரங்குகளில் கேட்டுக்கொண்டு வாளாவிருந்திருக்கிறோம். முதலில் செய்ததற்கும், செய்ததன் வழியே பிறர் செய்யும்படி ஆனதற்கும் உள்ள வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால் வரலாறு என்று ஒன்று எஞ்சாது. சரண்ஜித்தின் தட்டுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் வாரிசே இல்லை.

2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர், டில்லியில் ஒரு கடையில் இந்தத் தட்டை எடுத்தார். கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட திகைப்பை நாம் ஊகிக்கலாம். பின்னர் மும்பைக்கு வந்து சரண்ஜித்தைத் தேடிப்பிடித்தார். 2010-ல் தம் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனத்தின் வழியே தட்டை மறுவெளியீடு செய்தார். மேலைநாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. இது யாரோ ஒரு குறும்புக்கார ஐரோப்பியன் இன்று செய்து பழைய தட்டு என்று ஏமாற்றும் வேலை எனச் சிலர் ஐயுற்றனர். ஓர் இந்தியத் திருமண மேடைக் கலைஞருக்கு 1982-ல் இது வாய்த்திருக்கும் என்பதை ஏற்பதைவிட, மோசடி என்பதை ஏற்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இந்த இடத்தில் நமக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்ததும், 1887-ல் அது அச்சேறியதும் நாம் நூறு முறை வகுப்பில் சொன்ன கதை. 1894-ல் புறநானூறு வந்தது. அச்சில் வந்த பிறகே சங்கப் பாடல்கள் நம் பொது வாசிப்புக்குள் நுழைந்தன. காலத்தால் முந்தியவை வாசிப்பால் பிந்தின. சரண்ஜித்தின் தட்டும் 1982-க்கு உரியது என்பதைவிட 2010-க்கு உரியது என்று சொல்வதே பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சாமிநாதையருக்குத் திருத்தக்கதேவர் வீட்டுக் கதவைத் தட்டும் பேறு கிடைக்கவில்லை. பௌமன் தட்டினார், ஆசிரியரே வந்து கதவைத் திறந்தார். உலகில் ஆசிட் ஹவுஸ் என்று ஓர் இசை இருப்பதையே அறியாத ஆசிரியர்.

இந்த இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் உலகம் வேறொரு வழியில் இதே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. லண்டனில் தால்வின் சிங் தபலாவையும் கணிப்பொறித் தாளத்தையும் சேர்த்து 1998-ல் 'ஓகே' என்ற தட்டை வெளியிட்டார். 1999-ல் அதற்கு மெர்க்குரி விருது கிடைத்தது. அதே ஆண்டு நிதின் சாவ்னியின் 'பியாண்ட் ஸ்கின்' வந்தது. டவுன்டெம்போ என்று அவர்கள் சொல்லும், வேகத்தைத் தணித்து ஜாஸும் ராகமும் மின்னொலியும் மெல்லக் கலந்து ஓடும் இசைக்கு அது நல்ல சான்று. 2001-ல் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த சுசீலா ராமன், 'சால்ட் ரெயின்' தட்டில் கீர்த்தனைகளை வேறு உடையில் பாடி அதே விருதின் இறுதிப் பட்டியல் வரை சென்றார். தபலாவை நீக்கி ஒருவர் செய்தது விலைபோகவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்துத் தபலாவைத் திரும்பக் கொண்டுவந்தவரை உலகம் பாராட்டியது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குத் தபலா ஓர் அடையாளம். மும்பையில் இருந்தவருக்கு அது அன்றாட ஓசை; விட்டுப் பார்ப்பதுதான் புதுமை.

தமிழில் இதற்கு இணை உண்டா? 1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு. அதில் ராகம் ஐரோப்பிய நரம்பிசையின் கட்டுமானத்துக்குள் வைக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். இளையராஜா அந்நியரின் இலக்கணத்தைக் கற்று அதில் எழுதினார். சரண்ஜித் அந்நியரின் பெட்டியை வாங்கி, அதன் இலக்கணத்தைப் பொருட்படுத்தாமல், தம் இலக்கணத்தை அதில் ஏற்றினார். கலையளவில் முன்னது பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பின்னதன் துணிச்சல் வேறு வகையானது. துணிச்சல் என்று தெரியாமலே செய்த துணிச்சல்.

இதில் நெருடும் செய்தி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாகாது. தாளப் பெட்டி வந்ததால் தபலாக்காரரை விடலாம். பேஸ் பெட்டி வந்ததால் பேஸ்காரரை விடலாம். ஒரு தலைமுறைக்குள் இது ஒலிப்பதிவுக் கூடங்களின் பொதுவிதியாயிற்று. 1992-ல் 'ரோஜா' வந்து ஒலியின் இலக்கணத்தை மாற்றிய பிறகு, ஐம்பது பேர் அமர்ந்து வாசித்த கூடங்களில் ஒரு கணிப்பொறியும் இரண்டு ஆட்களும் போதும் என்ற நிலை கோடம்பாக்கத்திலும் மெல்ல வந்தது. சரண்ஜித் வேலையிழப்பை உண்டாக்கியவர் அல்லர். அவரே கூலிக்கு வாசித்தவர்களில் ஒருவர். எனினும் தம் சகாக்களின் நாற்காலிகளைக் காலி செய்யப்போகும் பொறிகளைக் கொண்டு முதலில் ஒரு முழுத் தட்டைச் செய்து பார்த்தவர்களுள் அவர் ஒருவர் என்பதும் உண்மை. இப்படி நாம் எழுதுவதை அவருடைய ரசிகர்கள் விரும்பமாட்டார்கள்.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. பூசை நேரத்தில் விசையைத் தட்டினால் முரசும் மணியும் சேகண்டியும் தாமே அடித்துக்கொள்ளும் மின்மேளம் இங்கே எத்தனை கோயில்களில் இருக்கிறது! அது நின்ற இடத்தில் முன்பு ஒரு மனிதர் நின்றார். அவருக்கு ஒரு பட்டைச் சோறு இருந்தது. பெங்களூரில் ராஜ் நாராயண் 1979-ல் மின் தம்புராவைச் செய்தபோதும் அதே கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஆனால் தம்புராவுக்குப் பின்னால் அமர்ந்து மீட்டியவர் பெரும்பாலும் சீடர். அவருக்குப் போனது பிழைப்பு அன்று, குருவின் முதுகுப்பக்கம் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு. எது பெரிய இழப்பு என்பது நமக்கு விளங்கவில்லை.

மறுவெளியீட்டுக்குப் பின் சரண்ஜித் சிங் எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். தம் பேரப்பிள்ளைகள் வயதினர் முன்னால் அதே ராகங்களை அதே பெட்டிகளோடு வாசித்தார். புகைப்படங்களில் அவர் முகத்தில் பெருமிதத்தைவிட நிதானமே தெரிகிறது. ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறவரின் நிதானம். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். சுபர்ணா அவருக்கு முன்பே போயிருந்தார்.

சென்ற மாசியில் நண்பர்கள் நால்வர் வட்டக்கோட்டைக்கு வெளியே, கருமணல் பரப்பில் அமர்ந்து இந்தத் தட்டை ஒரு சிறிய ஒலிபெருக்கியில் கேட்டோம். எங்களோடு ஒரு நண்பரின் பெரியப்பாவும் வந்திருந்தார். கோயில்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாதஸ்வரம் வாசித்து ஓய்ந்தவர். முன்னறிவிப்பு எதுவும் சொல்லாமல் பூபாலியைப் போட்டோம். முதல் நான்கு சுரங்களுக்குள் தலையை ஆட்டினார்.

"மோகனம்லா இது" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூச்சு எடுக்க எடமே இல்லியே. வாசிக்கவனுக்கு நெஞ்சு வலிக்காதா?" என்று கேட்டார். வாசிப்பது பாதி மனிதர், பாதி பொறி என்று விளக்கினோம். "அப்ப சரி" என்றார். அந்த இரண்டு சொற்களில் ஏற்பு எவ்வளவு, மறுப்பு எவ்வளவு என்று இன்றும் எங்களுக்குள் வாதம் ஓயவில்லை.

அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டார். மால்கௌன்ஸ், அதாவது இந்தோளம் என்றோம்.

"அது அவங்களுக்கு ராத்திரி ராகம்லா. இருட்டட்டும், போடலாம்."

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கோட்டைச் சுவர் கறுக்கும்வரை காத்திருந்தோம்.